பொன்மான் டீ

ரங்கூன் டீக்கடையில் உட்கார்ந்து வெறுமனே "டீ" என்று கேட்டால் பையன் நகரமாட்டான். என்ன டீ என்று சொல்ல வேண்டும். இனிப்பு தூக்கலாகவா, சாயம் தூக்கலாகவா, பால் தூக்கலாகவா என்று ஒவ்வொன்றுக்கும் பர்மியில் ஒரு பேர் இருக்கிறது. எல்லாம் அளவாக இருந்தால் போதும் என்பவர்களுக்கும் ஒரு சொல் உண்டு: பொன்மான். வழக்கமானது, எப்போதும்போல என்று அர்த்தம். என் தம்பி ஏழு வயதில் அந்தச் சொல்லை முதன்முதலாகக் கேட்டபோது, அம்மா அவனுக்கு மாரீசன் கதை சொல்லி முடித்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. தம்ளருக்குள் குனிந்து மான் எங்கே என்று தேடினான். இப்போது அவனுக்கு முப்பத்தொன்பது வயது. இத்தனை வருடத்தில் வேறு டீ குடித்ததில்லை.

தம்பிக்கு ஆட்டிசம். நான் அவனுக்கு ஏழு வயது மூத்தவள். பயின்நவுங் மொத்தச் சந்தையில் ஒரு பருப்பு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். அதே மண்டியில் அவன் தானியம் பார்க்கிறான். போன மாதம் வியாசர்பாடியிலிருந்து பேசிய உறவுக்காரர் ஒருவர் கேட்டார்: "முன்னெல்லாம் தனியா பஸ்ல போவான், கடைக்குப் போவான், நல்லாத்தானே இருந்தான். இடையில ஏன் இப்படிப் பின்னுக்குப் போயிட்டான்?" அக்கறையோடுதான் கேட்டார். எனக்குப் போனில் பதில் வரவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

தமிழில் ஆட்டிசம் பற்றித் தேடினால் கிடைப்பதெல்லாம் குழந்தைகளைப் பற்றித்தான். மூன்று வயதில் பேச்சு வரவில்லையா, கண்ணைப் பார்த்துப் பேசவில்லையா, எந்தப் பயிற்சிக்குப் போகலாம். தேவையான எழுத்துதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் வளர்ந்து மீசை வைத்து, முடி நரைத்து, அப்பா அம்மாவைப் பறிகொடுத்த பிறகு என்ன ஆகிறார்கள் என்று எழுதுகிறவர்கள் குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகில் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம். அதில் எல்லா வயதுக்காரர்களும் உண்டு. முப்பது வயது ஆண் ஒருவன், எழுந்து பல் தேய்க்க வேண்டும் என்று தெரிந்தும் எழுந்திருக்க முடியாமல் கட்டில் ஓரத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பதும் ஆட்டிசம்தான். அதைச் சோம்பல் என்று சொல்லிவிடுகிறோம்.

தம்பி பிறந்தது 1986இல். ஐந்து வயதுவரை பேச்சில்லை. அந்தக் காலத்தில் நாங்கள் காட்டிய ஒரு டாக்டர், அம்மாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க புள்ளையோட பேசுறதில்லபோல" என்றார். காலை நாலு மணிக்கு எழுந்து இடியாப்பம் அவித்து விற்று, இடுப்பில் அவனைத் தூக்கிக்கொண்டே பேசித் திரிந்த பெண்ணிடம் சொன்ன சொல் அது. தாயின் பாசக் குறையால் வருவது ஆட்டிசம் என்ற எண்ணம் மேலை நாடுகளில் ஒரு காலத்தில் வைத்தியப் பாடமாகவே இருந்திருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லாண்ட், அவரே ஆட்டிசம் உள்ள ஒரு மகனுக்குத் தகப்பன், 1964இலேயே அது உடலமைப்போடு, மூளையோடு சேர்ந்த விஷயம் என்று எடுத்துக்காட்டி அந்த எண்ணத்தை அசைத்துவிட்டார். எங்கள் அம்மாவிடம் அந்தச் சேதி வந்து சேர மேலும் நாற்பத்தைந்து வருடம் ஆனது. அதுவரை தன்னால்தான் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். பீலிக்கான் முனீஸ்வரருக்கு வேண்டிக்கொண்டு தீ மிதித்தார். பிள்ளைக்குப் பேச்சு வர வேண்டும் என்பது வேண்டுதல் என்று நாங்கள் நினைத்திருந்தோம். சாகும் வருடத்தில்தான் என்னிடம் சொன்னார்: "பேச்சு வரணும்னு வேண்டலடி. நான் செஞ்ச தப்பு என்னன்னு காட்டுன்னு வேண்டுனேன்."

2009இல்தான் ஆட்டிசம் என்ற சொல் எங்கள் வீட்டுக்கு வந்தது. அறுபதுகளில் கப்பலேறிச் சென்னைக்குப் போன பெரியம்மாவின் பேத்தி அங்கே சிறப்புப் பள்ளி ஒன்றில் வேலை பார்த்தாள். தம்பியின் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு அவள்தான் சொன்னாள். தமிழில் இதற்கு மதியிறுக்கம் என்றும் ஒரு சொல் புழங்குகிறது. எனக்கு அது ஒட்டவில்லை. தம்பியின் மதியில் இறுக்கம் ஒன்றும் இல்லை. கையில் எடுத்த உளுந்து போன அறுப்பா இந்த அறுப்பா என்று மோந்து பார்த்தே சொல்கிறவன் அவன். ஆட்டிசம் என்றே எழுதுகிறேன்.

பழக்கவழக்கம் என்று எடுத்துக்கொண்டால், அவனுக்கு எதுவும் தானாக வரவில்லை. ஒவ்வொன்றையும் சட்டமாகத்தான் கற்றுக்கொண்டான். தமிழில் நீ, நீங்க எப்போது வரும் என்று அவனுக்குப் பிடிபடவில்லை. அம்மா ஒரே சட்டம் போட்டார்: "யாரா இருந்தாலும் நீங்க." அன்றிலிருந்து மாடிப்படியில் படுத்திருக்கும் பூனையைக்கூட "கொஞ்சம் நகந்துக்குங்க" என்பான். பர்மி இன்னும் சிக்கல். யாரைக் கூப்பிட்டாலும் வயதைக் கணித்து அக்கோ, அமா, உலே என்று உறவு வைத்துத்தான் கூப்பிட வேண்டும். முகம் பார்த்து வயது கணிக்க அவனுக்கு வராது. அதனால் முதல் கேள்வியே "உங்களுக்கு என்ன வயசு?" ஆண்கள் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள். பெண்களில் சிலர் முறைப்பார்கள். ஆனால் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், பத்து வருடம் கழித்துப் பார்த்தாலும் வயதைக் கூட்டிச் சரியாகக் கூப்பிடுவான்.

கஷ்டமானது, கேள்விபோல இருந்தும் கேள்வியாக இல்லாத பேச்சு. பர்மாக்காரர்கள் வழியில் பார்த்தால் "தமீன் சாபீபீலா" என்பார்கள். சோறு சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். "பே துவாமலே" என்பார்கள், எங்கே போறீங்க என்று. நம்மவர்களும் அதே இரண்டைத்தான் கேட்கிறோம். இரண்டுக்கும் பதில் முக்கியமில்லை, பார்த்தேன் என்று காட்டிக்கொள்வதுதான். தம்பி நின்று பதில் சொல்வான். என்ன சாப்பிட்டான், எத்தனை, குழம்பில் உப்புக் குறைவு, இன்னும் நாலு மணி நேரம் கழித்து என்ன சாப்பிடுவான். கேட்டவர் அடுத்த அடி எடுத்து வைத்திருப்பார், இவன் அவர் முதுகுக்குச் சொல்லிக்கொண்டிருப்பான்.

அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது, பர்மியில் ஆனாடெ என்பார்கள். அடுத்தவர் மனம் சங்கடப்படுமே என்று வாய்க்குள்ளேயே விழுங்கிக்கொள்வது. நம் தாட்சண்யம் அதற்குப் பக்கத்தில் வரும், ஆனால் இங்கே அது வாழ்க்கையின் அஸ்திவாரம். முடியாது என்பதை யாரும் முடியாது என்று சொல்லமாட்டார்கள். "பார்க்கலாம்", "அப்புறம்", ஒரு சிரிப்பு, ஒரு தயக்கம், அவ்வளவுதான். கேட்டவர் புரிந்துகொண்டு விலக வேண்டும். பக்கத்து வீட்டு மாமி "இன்னொரு நாள் வாப்பா" என்றால் தம்பி "எந்த நாள்?" என்று கேட்பான். அவர் திணறி "வியாழக்கிழமை" என்று சொல்லிவைப்பார். வியாழக்கிழமை அவன் வாசலில் நிற்பான்.

சின்ன வயதில் இதற்கெல்லாம் நான் அவனைத்தான் திருத்தினேன். 2012இல் டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், தானே ஆட்டிசம் உள்ளவர், ஒரு விஷயத்தை எடுத்துச் சொன்னார். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர் மனம் புரியவில்லை என்கிறோமே, மற்றவருக்கும் ஆட்டிசம் உள்ளவரின் மனம் புரிவதில்லை, புரியாமை இரண்டு கரையிலும் இருக்கிறது, பழியை மட்டும் ஒரு கரையில் போடுகிறோம் என்று. அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வியாழக்கிழமை வரச் சொன்னது மாமி. போனது தம்பி. அடி வாங்கியதும் தம்பி. அடித்தவள் நான்.

மண்டி வேலை அவனுக்கு 2010இல் கிடைத்தது. தமிழ்நாட்டில் இட்லிக்கு ஊறப்போடும் உளுந்தில் எங்கள் சந்தை வழியாக வந்ததும் இருக்கும். 2021இல் இந்தியாவும் மியான்மரும் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தில் வருடத்துக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்து, ஒரு லட்சம் டன் துவரை என்று எழுதியிருக்கிறது. வரும் மூட்டைகளில் குத்தூசி ஏற்றி மாதிரி எடுத்து, தட்டில் கொட்டி, கல், வண்டு விழுந்தது, நிறம் மாறியது என்று பிரித்து, எடை எழுத வேண்டும். மற்றவர்களுக்கு அரை மணியில் கண் பூத்துப்போகும். தம்பி விரலால் தள்ளித் தள்ளி மூன்று மணி நேரம் பார்ப்பான். எடை எழுதும்போது மட்டும் கிலோவோடு வீசையும் எழுதுவான். ஊரில் வழக்கொழிந்துபோன வீசை இங்கே சந்தையில் இன்னும் உயிரோடு இருக்கிறது, ஒரு கிலோ அறுநூற்றுச் சொச்சம் கிராம்.

2017 ஜனவரியில் ரங்கூன் பஸ்ஸெல்லாம் ஒய்பிஎஸ் என்ற புது ஏற்பாட்டுக்கு மாறி, பழைய தடங்களும் எண்களும் போனபோது ஊரே திட்டியது. நானும் பயந்தேன். ஆனால் கண்டக்டர் இல்லாமல்போய், ஏறும் இடத்தில் ஒரு பெட்டி வந்தது. சில்லறை கேட்டுக் கத்த ஆளில்லை. எங்கே இறங்குற என்று யாரும் தோளைத் தட்டவில்லை. தாளைப் பெட்டியில் போட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடலாம். புதிய எண்களை அவன் இரண்டே நாளில் படித்துவிட்டான். மாற்றம் என்றாலே இவர்களுக்கு ஆகாது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வார்கள். எந்த மாற்றம் என்று பார்க்க வேண்டும்.

பஸ்ஸுக்கு முன்னால் டீக்கடை. எங்கள் கட்டடத்துக்கு எதிர்வரிசை, நடைபாதையில் தாழ்ந்த முக்காலிகள், மேசைக்கு மேசை வெறும் சாயத்தண்ணி நிறைந்த பிளாஸ்க். இங்கே டீக்கடைப் பையன்களை உதடு குவித்து முத்தச் சத்தம் எழுப்பித்தான் கூப்பிடுவார்கள். தம்பிக்கு அந்தச் சத்தம் எழுப்ப வராது. மற்றவர் எழுப்பினாலும் காதைப் பொத்திக்கொள்வான். கடைக்காரர் ஒரு தமிழ் முஸ்லிம், காக்கா என்றுதான் கூப்பிடுவோம், கடையநல்லூர்ப் பக்கத்துப் பூர்வீகம். அவராகவே ஒரு ஏற்பாடு செய்தார். தம்பி உட்கார்ந்ததும் மேசையில் இருக்கும் குட்டிக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைப்பான். அது தெரிந்தால் பொன்மான் வரும். நிமிர்த்தி வைத்தால் கணக்கு. பதினோரு வருடம் ஒரு வார்த்தை பேசாமல் அந்தக் கடையில் டீ குடித்தான். போகும்போது காக்கா "போய்ட்டு வா தம்பி" என்பார். "போய்ட்டு வர்றேங்க" என்பான். அவனுக்கு ஒரு சிநேகிதர் உண்டா என்று யாராவது கேட்டால் நான் அவரைத்தான் சொல்வேன்.

2021 பிப்ரவரி 1. ராணுவம் ஆட்சியைப் பிடித்த நாள். அதற்கு மேல் இங்கே எழுத வேண்டியதில்லை. அடுத்த நாளிலிருந்து ராத்திரி எட்டு மணிக்கு ஊர் முழுக்க வீட்டுக்கு வீடு எதிர்ப்பைக் காட்டப் பாத்திரம் தட்டினார்கள். அந்த முதல் ராத்திரி தம்பி படுக்கையிலிருந்து எழுந்து, குளித்து, சட்டை போட்டு, டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு கதவருகே வந்து நின்றான். பயத்தில் புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்தேன். அம்மா மட்டும் அவன் கையிலிருந்து கேரியரை வாங்கி, "இது அந்தச் சத்தம் இல்லய்யா, இது ராத்திரிச் சத்தம்" என்று சொல்லித் திரும்பப் படுக்கவைத்தார். எந்தச் சத்தம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

மார்ச் மாதம் ஒரு நாள் டீக்கடை திறக்கவில்லை. காக்கா யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் குடும்பத்தோடு போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, அப்போது எல்லோரும் அப்படித்தான் போனார்கள். தம்பி பூட்டிய கதவுக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்றான். அடுத்த நாளும். ஜூலையில் கொரோனா மூன்றாம் அலை. ஆக்சிஜன் உருளைக்கு வரிசையில் நின்றவர்களில் நானும் ஒருத்தி. உருளை கிடைத்தது, அம்மா இருக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் உறவுக்காரர் சொன்ன அந்தப் பின்னுக்குப் போனது. காலையில் எழவில்லை. குளிக்கவில்லை. தட்டில் வைத்தால் சாப்பிட்டான், வைக்காவிட்டால் கேட்கவில்லை. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் மயங்கி விழுந்தான். ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஆட்டிசம் என்று நான் சொன்னதைக் காதிலேயே வாங்காமல், பத்து நிமிடத்தில் மனநோய்க்கு மாத்திரை எழுதினார்கள். அதைத் தின்றுவிட்டு வாயோரம் எச்சில் ஒழுகத் தூங்கினான். மூன்று வாரத்தில் நிறுத்தச் சொல்லி வேறொரு டாக்டரிடம் போனோம்.

விஷயம் பிடிபட்டது கீழ்வீட்டு பர்மாக்காரப் பாட்டியால். ஒரு நாள் மாடிப்படியில் நிறுத்திச் சொன்னார்: "உங்க அம்மா போனதுக்கு அப்புறம் எனக்கு விடியறதே தெரியல. அஞ்சே முக்காலுக்கு மூணு தட்டு தட்டுவாங்களே."

நான் அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவள். அந்தச் சத்தத்தை நான் கேட்டே இருந்தேன், ஆனால் கேட்கவில்லை. குழம்புச் சட்டியில் கரண்டியை வைத்து டக், டக், டக். மாவு கிண்டிவிட்டுக் கரண்டியை உதறுகிறார் என்றுதான் என் மனம் எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு நிதானமாக யோசித்தேன். குளியலறையில் முதல் செம்புத் தண்ணீரைத் தரையில் ஊற்றிச் சத்தம் கொடுத்தது அம்மா. சட்டையை இடது கை மேலே வரும்படி மடித்து வைத்தது அம்மா. பத்து மணிக்கு மண்டிக்குப் போன் போட்டு என்னிடம் ஒன்றுமில்லாததை எல்லாம் பேசிவிட்டு, "தம்பி தண்ணி குடிச்சானா பாரு" என்று முடித்ததும் அம்மா. அவருக்குப் பொழுதுபோகவில்லை, போன் போடுகிறார் என்று நான் சலித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆட்டிசம் உள்ள பலருக்கு உடம்புக்குள்ளிருந்து வரும் சேதி சரியாக எட்டுவதில்லை. பசி, தாகம், மூத்திரம் முட்டுவது எல்லாம் மங்கலாகவோ திடுமென்றோதான் தெரியும். ஒரு வேலையைச் செய்யத் தெரிவது வேறு, அதைத் தொடங்குவது வேறு. தொடங்குவதற்கு வெளியிலிருந்து ஒரு தட்டு வேண்டியிருக்கும். ஆட்டிசம் உள்ள பெரியவர்களே இதை நிறைய எழுதியிருக்கிறார்கள்: எழ வேண்டும் என்ற நினைப்பு இருக்கும், கால் அசையாது, உள்ளே கத்திக்கொண்டிருப்போம் என்று. அம்மா ஒரு நாள்கூட இதையெல்லாம் படித்ததில்லை. மூன்று தட்டு என்று கண்டுபிடித்து வைத்திருந்தார்.

ஆக, தம்பி தனியாகப் பஸ்ஸில் போனான், கடைக்குப் போனான் என்றால், அவன் ஒருவனுடைய சாமர்த்தியம் என்று அதைச் சொல்ல முடியாது. அதில் அம்மாவின் கரண்டி பாதி, காக்காவின் கிண்ணம் பாதி. அவனுடைய திறமை அவனுக்குள் இருந்ததைப்போலவே அந்தத் தெருவிலும் இருந்தது. தெருவை எடுத்துவிட்டுப் பிறகு அவனைப் பார்த்து, ஏன் பின்னுக்குப் போனாய் என்று கேட்கிறோம். முட்டுக் கொடுத்த கம்பைப் பிடுங்கிவிட்டுப் பந்தல் ஏன் சாய்ந்தது என்று கேட்பதைப்போல.

1943இல் லியோ கன்னர் என்ற குழந்தை மனநல மருத்துவர் ஆட்டிசம் பற்றி எழுதிய முதல் கட்டுரையில் முதலாவதாக வரும் பையன் டொனால்ட் டிரிப்ளெட். மிசிசிப்பியில் ஃபாரஸ்ட் என்ற சின்ன ஊர்க்காரர். அவர் வளர்ந்து ஊர் வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், தனியாக நாடு நாடாகச் சுற்றினார், 2023இல் எண்பத்தொன்பதாவது வயதில் இறந்தார். அந்த ஊர் அவரை அவராகவே ஏற்றுக்கொண்டது. அவர் வீடு வசதியான வீடு, வங்கியிலேயே பங்குள்ள குடும்பம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எல்லோருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. ஆனால் டீக்கடைக் காக்காவுக்கும் வசதி இருக்கவில்லை, ஒரு கிண்ணம்தான் இருந்தது.

இது புரிவதற்கு முன்னால் நான் தப்பான வழியில் போனேன். அதையும் எழுதியாக வேண்டும். இணையத்தில் பார்த்த பயிற்சிகளை வைத்துத் தினமும் ஒரு மணி நேரம் பாடம் நடத்தினேன். கண்ணைப் பார், சிரி, நலமா என்று திருப்பிக் கேள், இரண்டு வாக்கியத்தோடு நிறுத்து. கேட்டுக்கொண்டான். 2022இல் பகோவில் ஒரு கல்யாணம். பார்க்கிறவர்கள் மெச்ச வேண்டும் என்ற ஆசையில் மாப்பிள்ளை வீட்டார் வரிசையில் உட்காரவைத்தேன். நாலு மணி நேரம் சிரித்தான், கண் பார்த்தான், நலமா என்றான். "எவ்வளவு மாறிட்டான்" என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தி, கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் போய் உட்கார்ந்தான். ஐந்து நாள் பேச்சில்லை. நடிப்புக்குக் கூலி அவன் உடம்பிலிருந்து போயிருந்தது. அந்தப் பாடங்களை அன்றோடு விட்டேன்.

2017இல் டெக்ஸஸில் நோவா சாசனும் உடன் ஆய்வாளர்களும் ஒரு சோதனை செய்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் பேசும் சில விநாடி வீடியோக்களை மற்றவர்களுக்குக் காட்டினால், ஆட்டிசம் உள்ளவர்களோடு பழகப் பிடிக்கவில்லை என்று பார்த்த உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். அதே பேச்சை எழுத்தில் மட்டும் கொடுத்தபோது அந்த வேற்றுமை காணாமல் போனது. சொன்ன விஷயத்தில் குறை இல்லை, சொன்ன விதத்தைப் பார்த்தே தள்ளிவிடுகிறோம். அதைப் படித்த பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. தம்பியின் முகம் பேசுவதற்கு முன்னால் ஒரு காகிதம் பேசட்டும்.

அடையாள அட்டையின் உறைக்குள் பர்மியில் மூன்று வரி எழுதி வைத்தேன். எனக்கு ஆட்டிசம். பதில் சொல்ல நேரம் எடுக்கும். இந்த எண்ணில் என் அக்கா பேசுவார். வழியில் நிறுத்தி "பே துவாமலே" என்று கேட்கிறவர்கள் இப்போது வேறு ஆட்களும் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது குசலம் இல்லை, அங்கே பதில் தேவை. அந்தக் காகிதம் இரண்டு முறை அவனைக் காப்பாற்றியிருக்கிறது.

வீட்டில் ஐந்தே முக்காலுக்கு நான் கரண்டி தட்டுகிறேன். முதல் இரண்டு வாரம் பலனில்லை. சட்டி மாறியிருந்தது. பரணில் ஏறி அம்மாவின் அலுமினியச் சட்டியைத் தேடி எடுத்துத் தட்டினேன். அடுத்த அறையில் கட்டில் கிரீச்சிட்டது. அடுப்பங்கரையில் அப்படியே உட்கார்ந்து அழுதேன். மண்டியில் அவன் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டில், அதில் மூன்று கோடு. ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு கோடு இறங்க வேண்டும். தாகத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை, மூட்டையோடுதான் சம்பந்தம். அது அவனுக்கு வசதியாக இருக்கிறது.

டீக்கடைதான் கடைசியாக மிஞ்சியது. பழைய கடை இருந்த இடத்தில் போன வருடம் ஒரு பர்மாக்கார அம்மா கடை போட்டார். முதல் நாள் தம்பி போய் உட்கார்ந்து கிண்ணத்தைக் கவிழ்த்தான். யாரும் வரவில்லை. எழுந்துபோய் "பொன்மான்" என்று கேட்டிருக்கிறான். வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டான். ஒவ்வொரு கடைக்கும் வழக்கம் என்பது வேறு வேறுதானே, அந்த அம்மாவின் பொன்மானில் பால் அதிகம். "இது பொன்மான் இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொல்ல, அவர் தன் டீயைக் குறை சொல்வதாக எடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் நான் போய் அந்த அம்மாவிடம் பேசினேன். ஆனாடெ பார்க்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஆட்டிசம், கிண்ணம், காக்கா, பதினோரு வருடம், அம்மா. அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் மூன்று தம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாக டீ ஊற்றித் தம்பி முன்னால் வைத்தார். மூன்றாவதைக் காட்டி "இதுங்க" என்றான். அந்த அளவை அவர் ஒரு கரண்டிக் காம்பில் நூல் கட்டிக் குறித்து வைத்துக்கொண்டார். கிண்ணத்தைக் கவிழ்ப்பதைப் பையன்களுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டார். தம்பி இப்போது மறுபடியும் தனியாகப் பஸ்ஸுக்குப் போகிறான்.

எனக்கு நாற்பத்தாறு. எனக்குப் பிறகு என்ன என்ற கேள்வி ராத்திரிகளில் வந்து பக்கத்தில் படுத்துக்கொள்கிறது. அம்மா செய்த ஒரு தப்பை மட்டும் நான் செய்யக் கூடாது என்றிருக்கிறேன். எல்லாவற்றையும் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல் போய்விட்டார். நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். கீழ்வீட்டுப் பாட்டிக்கு, மண்டி முதலாளிக்கு, பாட்டிலின் கோடுகளைப் பற்றிச் சுமைதூக்கும் பையனுக்கு. இதோ, இங்கேயும்.

இந்த வருடம் திஞ்ஜானுக்கு ஐந்து நாள் முன்னால் நடந்தது இது. தண்ணீர்த் திருவிழாவுக்குப் பையன்களெல்லாம் ஊருக்குப் போய்விடுவார்கள், டீக்கடைகள் மூடிவிடும். யாரும் அறிவித்துவிட்டு மூடுவதில்லை, அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நானும் தம்பியோடு உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துச் சொன்னார்:

"பன்னெண்டாம் தேதிலருந்து கடை மூடிருக்கும். இருபத்தொண்ணாம் தேதி காலைல ஆறு மணிக்குத் திறப்பேன்."

தம்பி சட்டைப்பையிலிருந்து குறிப்பு நோட்டை எடுத்து எழுதினான். எழுதியதை ஒருமுறை படித்தான். பிறகு கேட்டான்:

"கரண்ட் இல்லாட்டியும் திறப்பீங்களா?"

அவர் அடுப்பைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார்.

"கரி அடுப்புதான். கரண்ட் இல்லாட்டியும் திறப்பேன்."

அதையும் எழுதிக்கொண்டான்.